ஆறாம் கட்டிலுக்குத் துணை

— ‘நவம்பர் பதினான்கு, வெள்ளி. இன்றைய பிசகு: மனநல வார்டு ஆறாம் கட்டில் ரங்கசாமிக்குத் துணையாக இருக்கும் பெண்மணியைக் காலை ரவுண்ட்ஸில் “அட்டெண்டர், இங்கே வாம்மா” என்று கூப்பிட்டேன். தீபாவளி முடிந்ததிலிருந்து தினமும் பார்க்கிறேன். இதுவரை அவர் பெயரைக் கேட்கவில்லை. அவர் பெயர்...’

— மாரியாயிங்க.

— ஐயோ! நீங்க எப்ப வந்தீங்க?

— நான் வரலைங்க டாக்டரம்மா. இங்கதான் உக்காந்திருந்தேன். நீங்கதான் மழைக்கு ஒதுங்கி வராந்தாவுக்கு வந்தீங்க. தூணுக்கு இந்தப் பக்கம் ஒரு பொம்பளை இருக்கான்னு பாக்கலை.

— நான் அதைச் சத்தமாவா படிச்சேன்?

— சத்தமா இல்லைங்க. பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க மனப்பாடம் பண்ணுமே, அந்த மாதிரி. கை எழுத எழுத வாய் தானா போவுது உங்களுக்கு.

— சின்ன வயசுப் பழக்கம். வாய்விட்டுச் சொன்னாத்தான் எனக்குக் கை ஓடும். பரீட்சை ஹால்ல கூடத் திட்டு வாங்கியிருக்கேன். மன்னிச்சுக்கங்க.

— எதுக்கு மன்னிக்கிறது? பேரைக் கேக்காததுக்கா, சத்தம் போட்டுப் படிச்சதுக்கா?

— ரெண்டுக்கும்.

— பேரைக் கேக்காதது ஒரு தப்புன்னு டாக்டர் ஒருத்தர் எழுதிவைக்கிறதை இன்னைக்குத்தான் பாக்குறேன். இது ஆஸ்பத்திரி நோட்டுங்களா?

— இல்லை, என்னோடது. ஸ்ரீரங்கத்துல சாயந்திரம் ஒரு தையல் கிளாஸ் போறேன். அங்க மஜீதா டீச்சர் ஒரு முறை வச்சிருக்காங்க. தேதி போட்டு, இன்னைக்கு எங்க பிசகுச்சுன்னு எழுதணும். கடைசியில, நாளைக்கு என்ன வேலைன்னு எழுதணும். அது அப்படியே ஒட்டிக்கிச்சு. இப்ப ஆஸ்பத்திரி வேலைக்கும் அப்படியே எழுதறேன்.

— டாக்டருக்கே தையல் கத்துக்கொடுக்கணுமா? நல்ல கூத்து.

— அது தோல். இது துணி. துணிதான் கஷ்டம், அது வளர்ந்து ஆறாது. போன வாரம் ஒரு ஜாக்கெட்டுக்கு ரெண்டு கையும் இடது கையாவே வெட்டிட்டேன்.

— அட! அப்புறம்?

— அப்புறம் என்ன, ‘நாளை செய்ய வேண்டியது: வலது கை’ன்னு எழுதினேன். ஏன் சிரிக்கறீங்க? இன்னைக்கும் ஆறு மணிக்கு கிளாஸ். மழை விட்டா பாலம் தாண்டிடுவேன்.

— எங்க விடுது. அங்க பாருங்க, கோபுரம் போயிடுச்சு.

— ஸ்ரீரங்கம் கோபுரமா? எங்க போகும், மழை மறைக்குது.

— போயிட்டு வரும்னு வச்சுக்கங்களேன். நான் தெனம் இங்க உக்காந்து பாக்குறேன். மழை வந்தா முதல்ல ஆத்துக்கு அந்தக் கரை போகும். அப்புறம் தென்னை மரமெல்லாம். கடைசியாத்தான் கோபுரம். கீழேயிருந்து மேல போகும், யாரோ ஈரப்புடவையை எடுத்து அதுக்குச் சுத்திவிடுற மாதிரி. அப்புறம் பாலத்து விளக்கு மட்டும் இருக்கும். பாலம் இருக்காது, விளக்கு மட்டும் அந்தரத்துல வரிசையாத் தொங்கும். அதுல பஸ்ஸு போறப்போ, ஜனங்க ஆகாசத்துல உக்காந்து போற மாதிரி இருக்கும்.

— அழகா சொல்றீங்க.

— டாக்டரம்மா, ஒண்ணு கேக்கணும். நாளைக்கு அவரை அனுப்பாதீங்க.

— ஏன்? அற்புதசாமி சார் கையெழுத்துப் போட்டாச்சு. வார்டுக்கு சீஃபே அவர்தான், பாத்துட்டுத்தான் சொன்னார். ரங்கசாமி அய்யா நல்லா தேறிட்டார். தூங்கறார், சாப்பிடறார். காதுல தண்ணி கூப்பிடற சத்தம் குறைஞ்சிடுச்சுன்னு காலையில அவரே சொன்னார்.

— குறைஞ்சிருக்குதாங்க. நின்னுபோகலை.

— அவர் அப்படிச் சொல்லலையே.

— சொல்ல மறந்திருப்பாரு.

— இருங்க, முறையா வரலாம். முதல்ல ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லணும். வீட்டுல அவர் உங்களை அடிப்பாரா?

— அவரா? வாழையில இலை அறுக்கப் போனா, ‘இன்னும் ஒண்ணு எடுத்துக்கவா’ன்னு மரத்துக்கிட்ட கேக்குற ஆளுங்க. கொசு கடிச்சாக்கூட ஊதித்தான் விடுவாரு.

— குடிப்பாரா?

— டீ குடிப்பாரு. அதுக்கு ஒரு கணக்கே கிடையாது.

— அப்புறம் ஏன் இங்கேயே இருக்கணும்கிறீங்க? ஆஸ்பத்திரி யாருக்குப் பிடிக்கும்? நீங்க கட்டிலுக்குக் கீழே பாய் போட்டுப் படுக்கறீங்க. கரப்பான் ஓடுது. பக்கத்துக் கட்டில்காரர் விடிய விடியப் பேசறார்.

— இங்க நல்லா தூக்கம் வருதுங்க.

— அவருக்கா?

— அவருக்கும்தான்.

— ஊர்ல வராதா?

— தொட்டியத்துல எங்க வீட்டுக்குப் பின்னாடியே வாய்க்கால். ஐப்பசி மழைக்கு இப்ப கரை தளும்ப ஓடும். காவேரித் தண்ணி, செக்கச்செவேல்னு வரும். நாளைக்கு பஸ் ஏறி, பொழுது சாயறப்போ வீட்டுக் கதவைத் திறந்தா, முதல்ல கேக்கப் போறது அதுதான். எனக்குப் பயமா இருக்குங்க.

— சரி. நீங்க வந்த அன்னைக்கு சீஃப்கிட்ட பேசினப்போ நான் தள்ளி நின்னுதான் கேட்டேன். முழுசாக் காதுல விழலை. முதல்லேர்ந்து எனக்குச் சொல்லுங்க. இன்னும் கொஞ்ச நாள் வைக்கறதுக்கு நியாயம் இருந்தா, நான் அவர்கிட்ட பேசறேன்.

— ஆடியில ஆரம்பிச்சதுன்னு வச்சுக்கங்களேன். பொழுது சாயற நேரம் வாழைத் தோப்புக்குள்ள போனா, காத்து அடிக்கும், இலை அசையாது. அத்தனை மரமும் முதுகைக் காட்டி நிக்குற பொம்பளைங்க மாதிரி இருக்கும். கல்யாண வீட்டுப் பந்திக்குப் பின்னாடி, கடைசிப் பந்தி எப்ப முடியும்னு காத்துக்கிட்டு நிப்பாங்களே, அந்த மாதிரி. யாரும் திரும்ப மாட்டாங்க. ஆனா வந்தது அவங்களுக்குத் தெரியும்.

— ரங்கசாமி அய்யாவுக்கு அப்படித் தோணும்.

— ஆமாங்க, அவருக்கு. அப்புறம் மடையில தண்ணி. எல்லாத் தண்ணியும் ஓடிக்கிட்டே பேசும். இது நின்னு பேசும். பேரைச் சொல்லிக் கூப்பிடாது. ‘வேலை முடிஞ்சுதா?’ன்னு கேக்கும்.

— வேலையா?

— ‘பாத்திரம் கழுவியாச்சா, மாட்டுக்குத் தண்ணி காட்டியாச்சா, துணி மடிச்சாச்சா? எல்லாம் முடிஞ்சுதுன்னா வந்து படுத்துக்க.’ அதட்டலா கேக்காதுங்க. அவ்வளவு இதமா கேக்கும். உலகத்துல வேற யாரும் அப்படிக் கேட்டதில்லைன்னு தோணும்.

— வீட்டுல பாத்திரம் யார் கழுவுவாங்க?

— அது... அவரும் கழுவுவாருங்க. சில நாளு.

— ம். சொல்லுங்க.

— தெனம் ஏதாவது ஒரு வேலை பாக்கி இருக்கும். ‘இன்னும் முடியலை’ன்னு சொல்லிட்டு வந்துடலாம். ஒரு நாளு பாருங்க, நெசமாவே எல்லா வேலையும் முடிஞ்சுபோச்சு. மாடு சினையா இருந்தது, பால் கறக்கவும் இல்லை. பையன் ஹாஸ்டல்ல. மாவு அரைச்சாச்சு. வாசல் தெளிச்சாச்சு. சும்மா நின்னா கை ரெண்டும் பாரமா இருக்கு. சரின்னு இறங்கியாச்சு. தண்ணி சில்லுன்னு இருக்கும்னு நினைச்சா, வெதுவெதுன்னு இருக்கு, உலைத் தண்ணி மாதிரி. இடுப்பு மட்டும் போனதும், புடவை காத்தடைச்சு உப்பிக்கிட்டு மேல வந்துச்சு. சுத்தி வட்டமா, பெரிய தாமரை இலை மாதிரி. அமுக்குறேன், அமுக்குறேன், ஒரு பக்கம் அமுக்கினா மறுபக்கம் எழும்புது. அதைப் பாத்துச் சிரிப்பு வந்துடுச்சு. தண்ணிக்கு நடுவுல நின்னு சிரிக்கிறேன். சிரிச்ச சத்தம் கேட்டுத்தான் அவரு ஓடியாந்தாரு.

— மாரியாயி அக்கா, ரங்கசாமி அய்யா புடவை கட்டுவாரா? தண்ணியில இறங்கினவரும் அவர், ஓடி வந்தவரும் அவரா?

— மழை விடுது டாக்டரம்மா. உங்க கிளாஸுக்கு நேரமாவுது பாருங்க.

— கிளாஸ் கிடக்கட்டும்.

— இந்தா புள்ள, மாத்திரை. நர்ஸம்மா இப்பதான் குடுத்துட்டுப் போனாங்க. தண்ணியும் கொண்டாந்திருக்கேன், போட்டுக்கிட்டு ஒரு வாய் டீ...

— ஐயோ, நீங்க உள்ள போங்க!

— டாக்டரம்மா இருக்காங்களா. தூணு மறைச்சிருச்சுங்க.

— ரங்கசாமி அய்யா, கையில என்ன?

— மாத்திரைங்க.

— யாருக்கு?

— அதாங்க... எனக்குத்தாங்க... இல்ல, அது வந்து...

— விடுங்க, இவருக்குப் பொய் வராது. வந்தாலும் காதுமடல் காட்டிக்கொடுத்துடும், பாருங்க எப்படிச் சிவக்குதுன்னு. நானே சொல்லிடுறேன் டாக்டரம்மா.

— இருங்க. முறையா வரலாம். முதல்ல இதைச் சொல்லுங்க. இத்தனை நாளா அந்த மாத்திரையை யார் சாப்பிட்டது?

— நான்.

— எல்லாத்தையுமா?

— ஒண்ணு விடாம. நர்ஸம்மா என் கையில குடுத்து, ‘அட்டெண்டர், முழுங்க வைம்மா’ன்னு சொல்லிட்டு அடுத்த கட்டிலுக்குப் போயிடுவாங்க. நான் ஒதுக்குப்புறமா வந்து போட்டுக்குவேன்.

— வந்த புதுசுல ஊசி போட்டாங்களே?

— அது இவருக்குத்தான் போட்டாங்க. தடுக்க முடியலை. பகல் பூரா தூங்கினாரு, பாவம்.

— அதாங்க. நல்ல தூக்கம். கல்யாணத்துக்கப்புறம் நான் அப்படித் தூங்கினதே இல்லீங்க.

— அய்யா, சிரிக்காதீங்க. எடுத்த ரத்தம் யாரோடது?

— என்னோடதுங்க.

— கடவுளே. இவங்க எடை தெரியாம, பிரஷர் தெரியாம, ரத்தம் பாக்காம... அக்கா, தலை சுத்துதா? கை விறைக்குதா? நடக்கறப்போ கால் இழுக்குதா?

— வாய்தான் உலருது. அதான் இவர் உங்ககிட்ட சொன்னாரே.

— ஆமா, சொன்னார். எழுதியிருக்கேன்.

— எல்லாமே சொன்னாரும்மா. நீங்க ரவுண்ட்ஸ் வர்றதுக்கு முன்னாடி, கட்டில்லேர்ந்து குனிஞ்சு என்னைக் கேட்டுக்குவாரு. ‘தூங்கினியா, கனவு வந்துச்சா, தண்ணி பேசுச்சா, என்ன சொல்லுச்சு?’ நான் சொல்றதை அப்படியே உங்ககிட்ட ஒப்பிப்பாரு. ஒரு வார்த்தை கூட்ட மாட்டாரு, குறைக்க மாட்டாரு. ‘தேறிட்டு வர்றார்’னு நீங்க எழுதினது சரிதான். தேறினது நான்.

— இது துணின்னா பிரிச்சுத் தைக்கலாம். இதை நான் எங்கேர்ந்து பிரிக்கறது? ஏன் அக்கா இப்படிச் செஞ்சீங்க? உங்களுக்குன்னு நேரா வந்து கேட்டிருக்கலாமே?

— வந்தேனே.

— எப்ப?

— ஆடிப்பெருக்கு முடிஞ்ச வாரம். பெருக்கு அன்னைக்கு எல்லாப் பொம்பளைங்களும் ஆத்துல காதோலை கருகமணி விட்டுட்டுக் கும்பிட்டுக்கிட்டு நிக்கிறாங்க. என்னை மட்டும் தண்ணி ஒவ்வொரு வேலையாச் சொல்லிக் கேக்குது. அதுக்கு ரெண்டு நாள் கழிச்சுத்தான் வாய்க்கால்ல இறங்கினது. மறுநாளே இவர் என்னைக் கூட்டிக்கிட்டு வந்தாரு. இதே ஆஸ்பத்திரி, கீழே ஓ.பி.யில. இவர் வெளிய நின்னாரு, நான் மட்டும் உள்ள போனேன். இப்ப சொன்னேனே, அதே தோப்பு, அதே தண்ணி, புடவை உப்பினது வரைக்கும் சொன்னேன். சொல்றப்போ அழுகை வந்துடுச்சு. அங்கதான் கெட்டுச்சு.

— அழுததுல என்ன கெட்டுச்சு?

— பொம்பளை அழுதா அது மனக்கவலைங்க, வியாதி இல்லை. ‘வீட்டுல பிரச்சனையா? வேலை ஜாஸ்தியா? வீட்டுக்காரர் குடிப்பாரா?’ நான் இல்லை, இல்லைன்னேன். டாக்டரைப் பாக்கப் போறோமேன்னு தலை வாரி, பூ வச்சுக்கிட்டு வேற வந்திருந்தேன். ‘நல்லாத்தானே இருக்கீங்க’ன்னாங்க. ‘என்னைச் சேத்துக்கங்க’ன்னு நானே வாய்விட்டுக் கேட்டேங்க.

— நீங்களே கேட்டீங்களா? அதுக்கு என்ன சொன்னாங்க?

— ‘பொம்பளை வார்டுல சேக்கணும்னா கூட ஒரு பொம்பளை தங்கணும். அம்மா இருக்காங்களா? அக்கா தங்கச்சி? நாத்தனார்?’ யாரும் இல்லைங்க. வீட்டுக்காரர் வெளிய நிக்குறாருன்னேன். ‘ஆம்பளை அங்க தங்க முடியாது. நீங்க இங்க வந்து படுத்துட்டா வீட்டை யார் பாப்பா? தூங்க மாத்திரை எழுதறேன், மனசைத் தளர விடாதீங்க.’ அவ்வளவுதான். அடுத்த ஆளைக் கூப்பிட்டாச்சு.

— யார் அது? எந்த டாக்டர்?

— யாரோ ஒரு டாக்டரம்மா.

— பொம்பளை டாக்டரா! அவங்களுக்குமா புரியலை? பேர் தெரியுமா?

— சீட்டுல என் பேர் இருந்துச்சு. அவங்க பேர் எங்கயும் இல்லை.

— முகம்?

— கூட்டம் அன்னைக்கு. குனிஞ்சு எழுதிக்கிட்டே இருந்தாங்க. வகிடுதான் தெரிஞ்சுது.

— தண்ணியில இறங்கினேன்னு ஒருத்தங்க சொல்றாங்க, அவங்களைத் திரும்ப அந்தத் தண்ணி பக்கமே அனுப்பறதா? ஒண்ணு சொல்றேன் கேளுங்க. தானா வந்து ‘சேத்துக்கங்க’ன்னு கேக்கற, பதினெட்டு வயசு தாண்டினவங்களுக்குத் துணைக்கு ஆள் வேணும்னு சட்டத்துல இல்லை. இது வார்டு வழக்கம். ஆள் பத்தாத வார்டுல, வீட்டுப் பொம்பளையை வச்சு ஒப்பேத்தற வழக்கம். என்கிட்ட வந்திருந்தா நான் நிச்சயமா அனுப்பியிருக்க மாட்டேன்.

— அப்படிங்களா.

— அன்னைக்குத்தாங்க நான் சொன்னேன். பஸ்ஸுல திரும்பிப் போறப்போ. ‘அடுத்த தடவை என் பேரைக் குடு புள்ள. நான் கட்டில்ல படுத்துக்குறேன், நீ துணைக்கு இரு’ன்னு.

— நடிச்சீங்களா அய்யா?

— நடிக்கத் தெரியாதுங்க. பேரை மட்டும்தான் குடுத்தேன். உள்ள வந்து பேசாம உக்காந்தேன். எனக்கு எப்பவுமே பேச்சு வராதுங்க. அதாங்க, அதுவே போதும்னு ஆயிடுச்சு.

— பேசாத பொம்பளைன்னா அடக்கம். பேசாத ஆம்பளைன்னா பெரிய வியாதி. நான் பக்கத்துல நின்னு அதே கதையை ‘இவருக்கு, இவருக்கு’ன்னு சொன்னேன். அழாம சொன்னேன். அற்புதசாமி டாக்டர் பாதிகூடக் கேக்கலை. ‘தண்ணியில இறங்கினாரா? உடனே சேருங்க’ன்னுட்டாரு. வீட்டை யார் பாப்பான்னு இவரை யாரும் கேக்கலை. தோப்புக்கு யார் தண்ணி பாய்ச்சுவான்னும் கேக்கலை.

— புடவை உப்பினதை என்னன்னு சொன்னீங்க?

— வேட்டின்னு சொன்னேன்.

— நான் அப்பவே சொன்னேங்க, வேட்டி உப்பாது, ஒட்டிக்கும்னு. கேக்கலை இவ.

— டாக்டர் வேட்டி கட்டியிருந்தாத்தானே தெரியப்போவுது.

— ரெண்டு பேரும் சிரிக்கறீங்க. சரி, அக்கா, நேராவே கேக்கறேன். இன்னைக்குத் தண்ணி பேசுச்சா?

— மழை பிடிக்கிறப்போ பேசுச்சு.

— என்னன்னு?

— ‘வேலை’ன்னுச்சு. அதுக்கு மேல வரலை. ஏதோ கேக்க வந்து, என்ன கேக்க வந்தோம்னு அதுவே மறந்துட்ட மாதிரி நின்னுடுச்சு. இன்னும் கொஞ்ச நாள் இருந்தா மொத்தமா மறந்துடும்னு நினைக்கிறேன். இவரை நாளைக்கு அனுப்பினா, எனக்கும் டிஸ்சார்ஜ்தானே. அதுக்குள்ள போனா அதுக்கு ஞாபகம் வந்துடும்.

— இப்ப அந்தத் தண்ணிப் பக்கம் போகணும்னு தோணுதா?

— இல்லைங்க. இங்க தோணலை. இன்னொண்ணும் இருக்கு. சொன்னா இவருக்கு வருத்தமாயிடும்.

— சொல்லு புள்ள.

— கல்யாணமாகி இத்தனை வருசத்துல, ‘நேத்துத் தூங்கினியா’ன்னு இவர் என்னைக் கேட்டதில்லை. குத்தமாச் சொல்லலை. நானும் இவரைக் கேட்டதில்லை. விடிஞ்சா எழுந்திரிப்போம், ஆளுக்கொரு பக்கம் ஓடுவோம். இங்க வந்தப்புறம்தான் தெனமும் கேக்குறாரு. டாக்டருக்குப் பதில் சொல்லணுமேன்னுதான் கேக்குறாரு, எனக்குத் தெரியும். ஆனா கேக்குறாருல்ல? அதுக்காகவே ராத்திரி என்ன கனவு வந்துச்சுன்னு ஞாபகம் வச்சுக்கிட்டு எழுந்திரிப்பேன். மாத்திரை பாதின்னா, இது பாதி. ஊருக்குப் போனா இவர் தோப்புக்குப் போயிடுவாரு. அப்புறம் என்னைக் கேக்குறதுக்குத் தண்ணி மட்டும்தான் இருக்கும்.

— நான் கேப்பேன் புள்ள.

— ரவுண்ட்ஸ் இல்லாமயா?

— ரவுண்ட்ஸ் இல்லாம.

— பாப்போம்.

— அக்கா, நாளைக்கு நீங்க ஊருக்குப் போகலை. அது முடிவு. இன்னைக்கே உங்க ரத்தம் எடுக்கச் சொல்றேன், பிரஷர் பாக்கச் சொல்றேன். நர்ஸ்கிட்டயும் உண்மையைச் சொல்லணும். அய்யா, விடியற வரைக்கும் இவங்களைத் தனியா விடாதீங்க. கையில வச்சிருக்கற அந்த மாத்திரையை என்கிட்ட குடுங்க. டியூட்டில இருக்கற சீனியர்கிட்ட பேசிட்டு, என்ன தரணுமோ அதை நானே கொண்டுவந்து தர்றேன்.

— பொம்பளை வார்டுக்குத் துணை வேணும்னா காளியாயியைச் சொல்றேங்க. லால்குடிக்காரி. நாத்தனாருக்குத் துணையா அங்க இருக்கா. குழாயடியில பழக்கம். அவ குளிக்கப் போனா நான் பாத்துக்குவேன், நான் டீ வாங்கப் போனா அவ பாத்துக்குவா. கேட்டா என்னையும் சேத்துப் பாத்துக்க மாட்டேன்னா சொல்லப்போறா?

— வேண்டாம். துணை இல்லாமத்தான் கேக்கப்போறேன். காளியாயியைக் காட்டி உங்களைச் சேத்துட்டா, அடுத்து வர்றவங்களுக்கு ஒரு காளியாயி இருக்க மாட்டாங்க.

— அற்புதசாமி டாக்டர் சத்தம் போடுவாரு.

— போடுவார். அவர் முன்னாடி நின்னா எனக்கு எப்பவும் நாக்கு ஒட்டிக்கும். நான் சொல்றது சரியா தப்பான்னு எனக்கே சந்தேகம் வந்துடும். இருங்க, இப்பவே எழுதிக்கறேன். எழுதிட்டா பின்வாங்க முடியாது.

— எழுதுங்க. கோபுரம் வந்துடுச்சு பாருங்க. தலை மட்டும் தெரியுது, குளிச்சுட்டு எழுந்திரிச்ச மாதிரி.

— ‘நாளை செய்ய வேண்டியது. ஒன்று: ரவுண்ட்ஸுக்கு முன் சீஃபைப் பார்த்து, ஆறாம் கட்டில் மாத்திரையை உண்மையில் யார் சாப்பிட்டார் என்று சொல்வது. இரண்டு: மாரியாயிக்குப் பெண்கள் வார்டில் ஒரு கட்டில், துணை இல்லாமல். மூன்று: ஆடி மாதம் இவரைத் திருப்பி அனுப்பிய டாக்டரைக் கண்டுபிடித்து...’

— மூணாவதை அடிச்சிடுங்கம்மா.

— ஏன்? அந்த மாசம் நானும் கீழே ஓ.பி.யிலதான் இருந்தேன். எங்களுக்குள்ள விசாரிச்சா தெரிஞ்சுடும். உங்க பேர் வெளிய வராது. ஆனா அவங்களுக்குத் தெரியணும் அக்கா. தெரியலைன்னா நாளைக்கு இன்னொருத்தரையும் இப்படித்தான் அனுப்புவாங்க.

— தேட வேண்டாம்மா. அந்த டாக்டரம்மாவுக்கும் எழுத எழுத வாய் தானா போச்சு. ‘துணைக்குப் பெண் இல்லை. வீட்டுக்கு அனுப்பலாம்.’ அதைக் கேட்டுட்டுத்தான் எழுந்திரிச்சேன்.

— புள்ள, நான் கொண்டாந்த தண்ணியை டாக்டரம்மாவுக்குக் குடு.

— கோவமில்லைங்க. இவரைச் சேத்த அன்னைக்கே அந்த முணுமுணுப்பை வச்சு உங்களை எனக்கு அடையாளம் தெரிஞ்சுது. நீங்க தெனம் இங்க வந்து உங்க பிசகை நீங்களே படிச்சுக்குவீங்க, நான் தூணுக்கு இந்தப் பக்கம் உக்காந்து கேப்பேன். இன்னைக்கு என்னைப் பத்தி வந்துச்சு. அதான் பேரைச் சொன்னேன்.

— ‘மூன்று: அடித்துவிட்டேன். நாளை முதல் வேலை: ஆடி மாதம் மாரியாயியை வீட்டுக்கு அனுப்பியது நான் என்று சீஃபிடம் சொல்வது. கட்டில் கேட்பது அதற்குப் பிறகு.’